ரேடியேட்டர் மூடி கற்பிக்கும் பாடம்

மாணவர்களே! எங்கள் புளியறையிலிருந்து ஆரியங்காவு நோக்கி மலையேறும் லாரிகளின் எஞ்சின் கொதித்துப் போகாமல் காப்பவற்றுள் ஒன்று ரேடியேட்டர் மூடி. அதிலுள்ள சுருள்வில் உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. அழுத்தம் உயர்ந்தால் நீரின் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். குறித்த அளவு தாண்டியதும் வில் வழிவிடவேண்டும். வில் தளர்ந்திருந்தால் நீர் முன்னரே கொதிக்கும். விறைத்திருந்தால் குழாய் வெடிக்கவும் கூடும்.

அந்த அளவை விதிப்பவர் வண்டி செய்பவர். 1966-இல் சென்னைப் பாடியில் உற்பத்தி தொடங்கிய சுந்தரம் பாசனர்ஸ் நிறுவனம், 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு இம்மூடிகளைச் செய்தனுப்பி, அதன் சிறந்த வழங்குநர் விருதையும் பெற்றது.

மோட்டார்த் தொழிலுக்கான பொதுத் தரநெறியாகிய ஐ.ஏ.டி.எஃப். 16949, 2016-இல் வெளிவந்தது. வாங்குவோரின் தனி விதிகளையும் நிறைவேற்றுக என்று அதுவே பணிக்கிறது. ஆசிரியனாகிய நான் இதனை இவ்வாறு சொல்வேன்: பொதுநெறி பாடநூல், தனி விதி வினாத்தாள். பாடநூலைக் கரைத்துக் குடித்தவனும் வினாவைப் படியாது விடையெழுதினால் மதிப்பெண் பெறான்.

ஆகவே, ஒவ்வொருவர் விதியையும் தனித்தனியே பட்டியலிட்டு, அதனை யார், எப்போது, எக்கருவியால் சோதிப்பது என வரையறுக்கவேண்டும். மாதிரிக்கு ஒப்புதல் பெற்ற பின்னரே பெருமளவில் செய்யவேண்டும். பின்னர் வில்லின் கம்பியை மாற்ற நேர்ந்தால், 'இது முன்னதினும் நன்று' எனத் தாமே துணிந்துவிடாமல் மீண்டும் ஒப்புதல் கேட்கவேண்டும். வண்டி முழுவதையும் அறிந்தவர் அவரே. தம் திறமையை நம்புதல் நன்று. கொடுத்த வாக்கை அதனினும் மேலாக மதித்தலே தொழிலறம்.