மண்ணைத் தொட்டு எத்தனை நாளாச்சு?

கடைசியாக எப்போது மண்ணைத் தொட்டீர்கள்? பைக் சறுக்கி விழுந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது!

தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். ஆடிட் சீசன். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து, 'அந்த என்ட்ரியைப் போட்டோமா, இல்லையா?' என்று ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். மூணு வயசுப் பெண் பக்கத்தில் வந்தால்கூட எரிந்து விழுகிறார். அப்புறம் அதற்காக அவரே அழுகிறார்.

"தினம் நாகேஸ்வர ராவ் பார்க்கில் வாக்கிங் போறேனே சார்" என்றார். (மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு அமிர்தாஞ்சன் நிறுவனரின் பெயர். தலைவலிக்காரர்கள் அங்கே போவது பொருத்தம்தான்!) போகிறார், சரி. ஷூ போட்டுக்கொண்டு, செல்போனில் ஆபீஸைப் பேசிக்கொண்டு, போட்ட பாதையில் நாலு சுற்று. அந்தப் பூங்காவில் மண்ணைத் தொடுவது தோட்டக்காரர் மட்டும்தான்.

பச்சையைப் பார்த்தாலே பலன் உண்டு, மறுக்கவில்லை. ரோஜர் உல்ரிச் என்பவர் பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் ஆஸ்பத்திரி ரிகார்டுகளை அலசி, 1984-ல் எழுதினார்: ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

தொட்டால்? 2011-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், தோட்டம் வைத்திருக்கும் 30 பேருக்கு முதலில் டென்ஷன் ஏற்றினார்கள். பிறகு பாதிப் பேருக்கு அரை மணி தோட்ட வேலை. மீதிப் பேருக்கு அரை மணி உட்கார்ந்து படிக்கிற வேலை. கார்ட்டிசால் என்கிற டென்ஷன் ஹார்மோன் இருவருக்குமே இறங்கியது. தோட்டக் கோஷ்டிக்குத்தான் அதிகம். மனசும் அவர்களுக்குத்தான் பழையபடி தெளிந்தது. படித்தவர்களின் மூட் இன்னும் கெட்டதாம்! வாரப் பத்திரிகையில் இதை எழுத எனக்கே கை கூசுகிறது.

காரணம்? மண்ணில் வாழும் 'மைக்கோபாக்டீரியம் வாக்கே' என்ற பாக்டீரியாவைக் கொன்று எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது, மூளையில் செரட்டோனின் சுரக்கும் நரம்பு செல்கள் சுறுசுறுப்பானதாக 2007-ல் கிறிஸ்டோபர் லோரி குழு சொன்னது. எலிக்கு நடந்தது மேனேஜருக்கு நடக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. டெட்டனஸ் கிருமியும் அதே மண்ணில்தான் குடியிருக்கிறது; கையில் காயம் இருந்தால் க்ளவுஸ் போடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் தொட்டியோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் போங்கள்.

நண்பர் டாக்டரையும் பார்த்தார், தொட்டியும் வாங்கினார். மொட்டை மாடியில் வைக்க ஹவுஸ் ஓனர் மாமி விடவில்லை. "தண்ணி ஒழுகி தளம் ஊறினா யாருப்பா பொறுப்பு?"

பால்கனி ஓரத்தில் வைத்தார். சமையலறை டப்பாவிலிருந்த வெந்தயத்தை ஊறவைத்து, பெண்ணும் அவரும் தூவினார்கள். நாலாம் நாள் முளை. காலையில் செல்போனை எடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் தொட்டியிடம் ஆஜர். தூக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால், பெண் இப்போது பயப்படாமல் பக்கத்தில் வருகிறாள் என்றார்.

மூணாவது வாரம் மாமி வந்து ஒரு பிடி வெந்தயக்கீரை கேட்டு வாங்கிப் போனார். வாடகையில் கழிக்கவில்லை.