யார் செய்த பாவம்?

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திருமண விருந்து நடைபெறுவதாக எண்ணிக்கொள்வோம். பந்தியில் அமர்ந்த இளைஞன் ஒருவன் தண்ணீர்த் தம்ளரை எடுக்கிறான். வாயருகே கொண்டுசெல்லும்போது தோள் வெடுக்கென்று துள்ளுகிறது. தண்ணீர் இலையில் சிந்துகிறது. எதிர்வரிசையில் இருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். "பகலிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்" என்கிறார் ஒருவர். "இவன் அப்பனும் இப்படித்தான், அந்தக் குடும்பத்துக்கே சாபம்" என்கிறார் மற்றொருவர். அவனுக்குப் பெண் கொடுக்க எண்ணியிருந்த மூன்றாமவர் வாய் திறவாமல் எழுந்து கை கழுவச் செல்கிறார்.

அன்று அந்த இளைஞன் ஒரு துளியும் அருந்தியிருக்கவில்லை. அவன் உடலில் இருப்பது பிறப்பிலேயே வந்த நரம்புப் பிணி. இத்தகையோரைக் கோயில் வாசலில் கண்டபோது, 'குடிகாரன்' என்று நாமும் மனத்துக்குள் தீர்ப்பிட்டதுண்டு. அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதை உணர்ந்த பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பேயுமன்று, பாசாங்குமன்று

மயோக்ளோனஸ் டிஸ்டோனியா என்று இப்பிணியை மருத்துவர் அழைப்பர். தசைகள் நம் விருப்பமின்றி மின்வெட்டுப்போல் துள்ளுவதை முதற்சொல் குறிக்கும். அவை முறுக்கிக்கொண்டு கழுத்தையோ கையையோ கோணச்செய்வதை இரண்டாம் சொல் குறிக்கும். பெரும்பாலும் சிறு வயதிலோ இளமைப் பருவத்திலோ இது தலைகாட்டும். கழுத்து, கைகள், உடலின் நடுப்பகுதி ஆகியவையே மிகுதியும் துள்ளும். எழுதும்போதும், தண்ணீர் ஊற்றும்போதும், பிறர் உற்று நோக்கும்போதும் துள்ளல் கூடும். சிலருக்கு மனக்கலக்கமும் சோர்வும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் மனநிலையும் உடன் வரலாம். ஆயினும் அறிவு மழுங்குவதில்லை. ஆயுளும் பொதுவாகக் குறைவதில்லை. இது தொற்றுவதுமில்லை. இத்துள்ளலின்போது நினைவு தப்பாது. ஆதலால் இதைக் காக்காய் வலிப்பு என்று கருதுவதும் பிழையே.

மிக அரிதான நோய் இது. ஐரோப்பாவில் 10 இலட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிட்டுள்ளனர். அரிதானதாலேயே இதை அறிந்தோரும் சிலரே.

அறியாமை நம் கிராமங்களுக்கு மட்டும் உரியதன்று. 1908-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் சுவால்பே என்பவர், உடல் முறுக்கிக்கொள்ளும் பிணியுற்ற உடன்பிறந்தார் மூவரைப் பற்றி எழுதியபோது, மனக்கோளாற்றின் அறிகுறிகளாகவே அதைக் கண்டார். 1911-இல் பெர்லின் நகர மருத்துவர் ஓப்பன்ஹைம் இதற்கு 'டிஸ்டோனியா' என்று பெயரிட்டு, இது உடற்பிணியே என்றார். எனினும், அதன் பின்னும் பல்லாண்டுகள் இத்தகைய நோயாளரை மனநோயாளர் என்றே பலர் தள்ளிவைத்தனர். படித்த பெர்லினே இவ்வாறு தடுமாறியதென்றால், பேயோட்டுபவரை நாடி ஓடும் ஏழைத் தாயை நாம் எங்ஙனம் பழிப்பது?

மருமகள் மேல் விழும் பழி

இந்நோய்க்குக் காரணமான மரபணுவை 2001-ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டுபிடித்தனர். ஏழாம் குரோமோசோமில் உள்ள அதற்கு எஸ்.ஜி.சி.இ. என்று பெயர். நோயுற்றோர் எல்லாரிடத்தும் இதுவே காரணம் என்பதற்கில்லை. ஆயினும் பல குடும்பங்களில் இதுவே காரணமாகிறது.

இம்மரபணுவின் போக்கு வியப்புக்குரியது. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என மரபணுக்கள் நமக்கு இரண்டு படிகளாக வருகின்றன. பெரும்பாலானவற்றில் இரண்டும் வேலை செய்யும். இதிலோ, தாய் தந்த படி இயல்பாகவே உறங்கிக் கிடக்கும். தந்தை தந்த படியே விழித்திருந்து பணியாற்றும். ஆகவே பழுதுற்ற படி தந்தை வழியாக வந்தால் நோய் பெரும்பாலும் வெளிப்படும். தாய் வழியாக வந்தால் பெரும்பாலும் வெளிப்படாது.

இதனால் நேர்வதென்ன? நோயுள்ள பெண்ணொருத்தியின் மகன், பழுதைத் தன்னுள் கொண்டிருந்தும் நலமாக வாழக்கூடும். அவனுக்குப் பிள்ளை பிறக்கும். பழுது அப்பிள்ளையைச் சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. சேர்ந்தால், பள்ளி செல்லும் வயதில் அதன் தோள் துள்ளத் தொடங்கும். ஊர் என்ன சொல்லும்? "மகன் கல்போல் இருக்கிறான், வந்தவள்தான் இதைக் கொண்டுவந்தாள்" என்னும். உண்மையிலோ அது வந்தது தந்தை வழியில், அந்தப் பாட்டியிடமிருந்து. குற்றமே இல்லாத மருமகள் கண்ணீர் வடிக்கிறாள். பாட்டியும் குற்றவாளியல்லள், தன் கண்ணின் நிறத்தைக் கொடுத்ததுபோல் இதையும் அறியாமலே கொடுத்தாள்.

பார்வையற்றுப் பிறந்த மனிதனைக் கண்டு, இது இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் வினவியதும், இருவர் பாவமும் அன்று என்று ஆண்டவர் மறுத்ததும் நாம் அறிந்தவையே. அம்மறுமொழியை நம் திண்ணைகள் இன்னும் செவிமடுக்கவில்லை.

புட்டியில் ஒளிந்திருக்கும் கண்ணி

இப்பிணியின் மிகக் கொடிய சோதனை ஒன்றுண்டு. மது உள்ளே சென்றால் பலருக்குத் துள்ளல் சிறிது நேரம் அடங்கிவிடுகிறது. தம்ளரைச் சிந்தாமல் பிடிக்கவும், நாலு பேர் முன் நிமிர்ந்து நிற்கவும் இயலும்போது, புட்டியே மருந்தென்று தோன்றிவிடும். போதை தெளிந்ததும் துள்ளல் மீண்டும் வரும். மீண்டும் புட்டி தேவைப்படும். குடியாமல் இருந்தபோது குடிகாரன் என்று ஊர் தூற்றிய மனிதன், நடுங்காமல் நிற்க விரும்பியே குடிக்கு அடிமையாகிறான். ஆகவே இவர்களிடம் "குடியாதே" என்று கண்டித்தால் மட்டும் போதாது. ஏன் குடிக்கிறாய் என்று பரிவோடு கேட்கவும் வேண்டும்.

மருத்துவம் உண்டு

இந்நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. எனினும் துன்பத்தைக் குறைக்க வழிகள் உண்டு. குளோனசிபாம், சோனிசமைடு முதலிய மாத்திரைகள் துள்ளலைத் தணிக்கலாம். கழுத்து முறுக்குக்குப் போட்டுலினம் ஊசி பயன்படும். கடுமையாகத் துன்புறும் சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி பொருத்தும் அறுவை மருத்துவம் நல்ல பலன் தந்துள்ளது. மருத்துவர் சொல்லாமல் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தலாகாது.

நரம்பியல் மருத்துவரை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதுபோலவே தோன்றும் வேறு சில நோய்கள் நன்கு கட்டுப்படக்கூடியவை. உடலில் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய் அவற்றுள் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி. காலத்தோடு கண்டால் மருந்துண்டு. காணாவிடில் உயிருக்கே தீங்கு. லெவோடோபா என்னும் மருந்தைச் சிறிதளவு கொடுத்தாலே நடக்கவொண்ணாப் பிள்ளை நடக்கும் மற்றொரு வகையும் உண்டு. சாபம் என்று வீட்டில் அடைத்து வைத்தால் இவற்றை யார் கண்டறிவது?

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. நம் பகுதியினர்க்குத் திருச்சி அரசு மருத்துவமனையும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. மேற்கொண்டு ஆய்வு தேவைப்படின் சென்னை அரசு பொது மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆகியவை உள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்றிதழ் பெறுவது குறித்து மருத்துவரிடம் கேட்டறியலாம்.

அரியலூர்ச் சிற்றரசர் ஒருவரின் பிளவைக் கட்டியை வீரமாமுனிவர் தீர்த்துவைத்தார் என்பது ஏலாக்குறிச்சியில் வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அவர் செபித்ததோடு நில்லாமல் மருந்தும் இட்டார் என்பர். மாதாவின் சந்நிதியில் மெழுகுதிரி ஏற்றுவோம். மறுநாட்காலை மருத்துவமனைக்கும் பேருந்து ஏறுவோம்.

அடுத்த விருந்தில் யார் கையிலேனும் தம்ளர் தளும்பினால், கேலி பேசாமல், பாதியளவே நிரப்பிய தம்ளரை அவர் முன் வைப்போமாக. தீர்ப்பிடும் பணி நமக்குரியதன்று.