தோரணம் கட்டத் தெரிந்த கைக்குக் கடன் எதற்கு?

தீபாவளி நெருங்கினால் நம் தோட்டத்து வீடுகளில் பலகாரச் சட்டி அடுப்பேறும் முன்பே பென்சிலும் பழைய கலண்டர் தாளும் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் துணிமணிக்கு இவ்வளவு, பலகாரத்துக்கு இவ்வளவு, ஊருக்குப் போய்வர பஸ் செலவு இவ்வளவு என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் சம்பளப் பணம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அப்புறம் கடைசி வரியில் ஒன்று வந்து உட்காரும்: “வீட்டு அலங்காரம்.”

இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். துணியைக் குறைத்தால் பிள்ளை அழும். பலகாரத்தைக் குறைத்தால் வந்தவர்கள் முன்னால் கை கூசும். ஆனால் அலங்காரச் செலவை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம். வீட்டின் அழகும் குறையாது, மானமும் குறையாது. எப்படி என்று பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2013-ஆம் ஆண்டு நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன் முதலில் வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அது 1,700 வெள்ளியானது. வாரம் 6 நாள் வேலை செய்பவருக்கு நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி 38 காசு என்று கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம். மின்னும் சரிகைத் தோரணம், பிளாஸ்டிக் மாவிலை, ஒட்டுக் கோலம், வண்ண விளக்குச் சரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கூடையில் போட்டு 130 வெள்ளி கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு நாள் உழைப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டியோ செம்பனைக் குலை அறுத்தோ சம்பாதித்த இரண்டு முழு நாளை வாசலில் தொங்கவிட்டு, அடுத்த வருடம் நிறம் மங்கிவிட்டதென்று குப்பையில் போடுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. தீபாவளி வருவது ஐப்பசி மழைக்காலத்தில். மழை பெய்தால் பால்மரத்தில் வெட்டு இல்லை. செலவு ஏறுகிற மாதமும் கை இறுகுகிற மாதமும் ஒன்றாக வந்து சேருகின்றன. அந்த நேரத்தில்தான் “ஒரு முந்நூறு இருந்தா குடுங்கண்ணே, அடுத்த சம்பளத்துல தாரேன்” என்று கேட்க வேண்டி வருகிறது. தெரிந்த அண்ணனிடம் கேட்டால் பரவாயில்லை. ஆலோங்கிடம் போனால் கதை வேறு. 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, ஈடு வைக்காத கடனுக்கு வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஈடு வைத்த கடனுக்கு 12 சதவீதம்தான். வாரத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கேட்பவன் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவன். சரிகைத் தாளுக்காக அவன் வாசலில் நாம் போய் நிற்கலாமா?

“அதெல்லாம் சரிங்க. பக்கத்து வீடெல்லாம் மின்னுது, நம்ம வீட்டுல மட்டும் ஓலை தொங்குனா புள்ளைங்க மனசு நோகாதா?” என்று தாய்மார்கள் கேட்பது நமக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். ஆனால் கையால் செய்ததைக் கேவலமாக நினைக்கும் பழக்கம் நமக்கு இடையில் வந்தது. முன்பு தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் லயத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பந்தல் போடுவார்கள். வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை நிற்கும். மேலே தென்னங்குருத்துத் தோரணம் ஆடும். கல்யாண வீட்டுக்காரர் கொடுத்தது சாப்பாடும் வெற்றிலை பாக்கும்தான். அதைப் பார்த்து யாரும் ஏழை வீட்டுக் கல்யாணம் என்று சொன்னதில்லை. இன்றைக்கும் பெரிய கோயில் திருவிழாக்களிலும் நல்ல வசதியான கல்யாணங்களிலும் அதே குருத்தோலையைத்தான் காசு கொடுத்துக் கட்டச் சொல்கிறார்கள். பிள்ளையும் தன் கையால் செய்ததை, வருகிறவர்களிடம் “இது நான் செஞ்சது” என்று காட்டுமே தவிர, வெட்கப்படாது.

தோரணம்

குருத்தோலை என்பது இன்னும் விரியாத இளம் தென்னை ஓலை. வெளிர் மஞ்சளாக இருக்கும். மரத்துக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும். தென்னைக்கு உச்சியில் இருப்பது ஒரே ஒரு வளரும் முனை. ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரமே போய்விடும். மரம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மின்சாரக் கம்பி பக்கத்தில் ஓடும் மரத்தில் ஏறவே வேண்டாம்.

பண்டிகைக்கு முதல் நாள் மாலை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் வாடாது. ஓலை ஓலையாகப் பிரித்து, ஈர்க்கைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலை விட ஓர் அடி கூடுதலாகக் கயிறு எடுத்து இரண்டு தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டுங்கள். ஓலையைக் கயிற்றின் மேல் மடித்து, சிறு ஈர்க்குத் துண்டால் குத்தினால் நிற்கும். கீழே தொங்கும் பகுதியைக் கத்தரிக்கோலால் கீறிவிட்டால் குஞ்சம் போல ஆடும். நடுநடுவே மாவிலை. மாவிலை மட்டுமே கட்டுவதானால், மூன்றடி வாசலுக்கு இரண்டு விரல் இடைவெளியில் இருபது, இருபத்தைந்து இலை போதும்.

குருவி மடிப்பு தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். நல்ல காரியத்துக்கு ஒரு மடிப்பு, துக்க வீட்டுக்கு வேறு மடிப்பு என்று அவர்களுக்குத்தான் கணக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தைப் பார்ப்பதையும் விட, சாயங்காலம் அந்தத் தாத்தா பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து, “தாத்தா, இதை எப்படி மடிக்கிறது?” என்று கேட்க வைப்பது மேல். அவர் கண் மூடிவிட்டால் அந்த மடிப்பும் அவரோடு போய்விடும். பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன உறவினர்களுக்கும் ஒரு தோரணம் கட்டி அனுப்பலாம். நம் மலாய் அண்டை வீட்டார் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் பின்னுவதும் இதே குருத்தோலையில்தான். அவர்கள் பிள்ளைகளிடம் அந்தப் பின்னலைக் கற்றுக்கொண்டு, நம் குருவியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பண்டிகையை விடப் பெரிய காரியம்.

வண்ண அரிசிக் கோலம்

பேரங்காடிகளில் பெரிதாகப் போட்டு வைக்கிறார்களே வண்ண அரிசிக் கோலம், அது நம் வாசலிலும் ஆகும். மூன்றடி வட்டத்துக்கு இரண்டு கிலோ நொய்யரிசி இருந்தால் தாராளம். அரிசியைப் பங்கு பிரித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சாயத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து ஊற்றி, பையின் வாயை முறுக்கிக் குலுக்கி, நிழலில் காயவிட வேண்டும்.

சாயத்துக்குக் கடைக்கு ஓட வேண்டாம். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள். நீலத்துக்கு வேலியில் படரும் சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டால் இறங்கும். இளம்பச்சைக்குப் பாண்டான் இலையை அரைத்துப் பிழியலாம். சிவப்புக்கு மஞ்சளோடு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்தால் கண் முன்னே சிவக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பெரியவர்களே கலக்கட்டும். மழைச்சாரல் அடிக்காத இடம் பார்த்துப் போடுவது முக்கியம். இல்லாவிட்டால் ஒரு ராத்திரி வேலை ஒரு நிமிஷத்தில் கரைந்துவிடும்.

காகிதக் கொடி, சேலைத் திரை

வாரா வாரம் பேரங்காடிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் விளம்பரத் தாள் பளபளவென்று இருக்கிறது. அதை ஓர் அங்குல அகலம், ஆறு அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கி, வளையம் வளையமாகக் கோத்து ஒட்டினால் கொடி. பத்தடிக் கொடிக்கு அறுபது, எழுபது துண்டு ஆகும். ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு கரண்டி மரவள்ளி மாவைக் கரைத்து, கெட்டியாகும் வரை காய்ச்சினால் பசை தயார். சின்னப் பிள்ளைகளுக்கு இதை விட நல்ல வேலை இல்லை. எண்ணப் பழகும், கையும் பழகும்.

அம்மாவின் பெட்டியில் கட்டாமல் கிடக்கும் சேலை ஒன்றை எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு மீட்டர் வீதம் இரண்டு வாசல் திரை வரும். மீதி ஒன்றரை மீட்டரில் மூன்று குஷன் உறை தைக்கலாம். கரையை வீணாக்காமல் கீழ்ப்பக்கம் வருமாறு வைத்தால் கடைத் திரை தோற்றுப்போகும்.

டின் விளக்கு

மைலோ டின்னோ பால் டின்னோ எடுத்து, உள்ளே ஈர மண்ணை இறுக்கி அடையுங்கள். டின்னின் வெளியே கரிக்கோடால் மயிலோ மாங்காயோ வரைந்து, கோட்டின் மேல் ஆணியால் ஓட்டை போடுங்கள். மண் இருப்பதால் டின் நசுங்காது. மண்ணைக் கொட்டிக் கழுவி, உள்ளே அகல் விளக்கை வைத்தால் சுவரெல்லாம் மயில் ஆடும். டின்னின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கிவிடுங்கள், கை கிழியும். விளக்கு சிமெண்டுத் தரையில் இருக்க வேண்டும். நம் பழைய லயங்கள் பல, பலகை வீடுகள். காகிதக் கொடிக்கும் திரைக்கும் அருகே விளக்கு வைக்கவே கூடாது. வீட்டில் எல்லாரும் படுக்கப் போகும் முன் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

மூன்று எச்சரிக்கை

ஒன்று, மருந்து டின்கள். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்து வந்த டின், பாட்டில், தோம்பு எதையும் எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, பூந்தொட்டிக்குக்கூட வேண்டாம். பாராகுவாட் மருந்துக்கு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை. ஆனால் பழைய டின் எந்த ஸ்டோர் மூலையில் கிடக்கிறதோ, யார் கண்டது? பிள்ளைகளுக்கு அதைத் தொடக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

இரண்டு, ரப்பர் கொட்டை. பால்மரம் உள்ள தோட்டங்களில் பிள்ளைகள் கொட்டையைப் பொறுக்கி ஓட்டை போட்டு மாலையாகக் கோப்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பருப்பில் விஷம் உண்டு. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

மூன்று, கொசு. பண்டிகை முடிந்ததும் டின்னும் சிரட்டையும் வெளியே உருண்டு கிடந்தால் மழைநீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கி காய்ச்சல் வந்தால் நாம் மிச்சம் பிடித்த காசெல்லாம் ஆஸ்பத்திரி வழியில் போய்விடும். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து, மூட்டையாகக் கட்டி அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

மிச்சம் எங்கே போகும்?

கயிறு, இரண்டு கிலோ நொய், கொஞ்சம் மாவு, நூல். எல்லாம் சேர்த்தாலும் அரை நாள் கூலிக்குள் அடங்கிவிடும். மிச்சமான ஒன்றரை நாள் கூலியை அப்படியே கணக்குத் தாளில் வேறொரு வரிக்கு மாற்றுங்கள். ஜனவரியில் பள்ளி தவணை திறக்கும்போது பிள்ளைக்கு ஒரு ஜோடி சப்பாத்து, ஒரு புத்தகப் பை என்று எழுதுங்கள். பள்ளிச் செலவு வேறு மாதத்தில் வந்தாலும் பணம் வங்கியில் கெட்டுப்போகாமல் இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கினால் அவசரம் இல்லை. முதல் வாரம் தாள் சேர்த்துக் கொடி. இரண்டாம் வாரம் சேலைத் திரை, டின் விளக்கு. மூன்றாம் வாரம் அரிசிக்குச் சாயம். முதல் நாள் மாலை தோரணம். ராத்திரி தொலைக்காட்சி முன்னால் உட்காரும் நேரத்தில் அரை மணி போதும். அப்பாவும் சேர்ந்து உட்கார வேண்டும். இது பெண்பிள்ளை வேலை என்று எழுந்து போய்விடக் கூடாது. முன்னே பந்தல் போட்டவர்கள் ஆண்கள்தானே!

நாளெல்லாம் தோட்டத்துக்கு உழைக்கும் கை நம் கை. அந்தக் கை நம் வீட்டு வாசலுக்கும் ஒரு நாள் உழைக்கட்டும். இந்த வருடத் தீபாவளிக் கணக்கில் கடைசி வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையின் பெயரை எழுதுவோம்.