கையில் கனக்காத துப்பாக்கி

பிளாஸ்டிக் துப்பாக்கி என்றால் நமக்கெல்லாம் பத்துமலை தைப்பூசக் கடையில் தொங்கும் பொம்மைதான். அதனால்தானோ என்னவோ, "போலீஸ்காரங்க இடுப்பில இருக்கிறதும் பாதி பிளாஸ்டிக்தான்" என்று நான் வானொலியில் பேச்சுவாக்கில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன. சிலர் நம்பவே இல்லை. மற்றவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அப்படின்னா ஏர்போர்ட் மெஷின்ல மாட்டாதே?" இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன உடற்கூறு. இன்றைய கைத்துப்பாக்கியை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிக்கலாம். மேலே குழலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் ஸ்லைடும் இருக்கின்றன. கீழே நாம் பிடிக்கும் பகுதி. விசையும் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினும் அதற்குள் உட்காரும். இந்தக் கீழ்பாதிதான் ஃபிரேம். 9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம், உங்கள் கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் ஆயிரம் மடங்கு. அதைத் தாங்குவது குழலும் ஸ்லைடும். அவை அன்றும் எஃகு, இன்றும் எஃகு. ஃபிரேமின் வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது மட்டுமே. அதற்கு எஃகுதான் வேண்டுமா என்று ஒருவர் கேட்டதில் தொடங்குகிறது கதை.

அந்த ஒருவர் ஆஸ்திரியாவின் கேஸ்டன் குளோக் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970லேயே பாலிமர் ஃபிரேம் கொண்ட விபி70 துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டது. அது பெரிதாக எடுபடவில்லை. குளோக் வித்தியாசமான ஆள். வியன்னாவுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்து திரைச்சீலைக் கம்பி செய்தவர், பிறகு ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தவர். துப்பாக்கி செய்த அனுபவமே கிடையாது. 1980ல் ஆஸ்திரிய ராணுவம் தன் பழைய வால்தர் பி38 துப்பாக்கிகளை மாற்ற நினைத்தபோது, ஐம்பது வயதைத் தாண்டியிருந்த இவரும் போட்டியில் இறங்கினார். பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் தொழில் அவருக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. நைலான் வகைப் பாலிமரில் ஃபிரேமை வார்த்து, ஸ்லைடு ஓடும் இடத்தில் மட்டும் சின்ன எஃகுத் தண்டவாளங்களைப் பதித்தார். 1982ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அவருடைய 17ஆவது காப்புரிமை என்பதால் அதற்கு குளோக் 17 என்று பெயர். மேகசினில் 17 தோட்டா பிடிப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள், அது தற்செயல்.

லாபக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. எஃகு ஃபிரேம் என்றால் ஒரு கட்டியை எடுத்துக் கடைந்து, துளையிட்டு, தேய்த்து, பல இயந்திரங்களைத் தாண்டி வரவேண்டும். பாலிமர் அச்சு செய்யும்போது கையைக் கடிக்கும். செய்துவிட்டால் அதன் பிறகு ஊற்று, ஆறவிடு, எடு. துருப்பிடிக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை படாத பொருள் ஏது, யோசித்துப் பாருங்கள். வெயிலில் உருகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: இந்த வகை நைலான் உருக சுமார் 220 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள்கூட அந்தச் சூடு வராது.

சரி, விமான நிலையம். இதே கேள்வியை 1986ல் அமெரிக்கா முழுக்கக் கேட்டார்கள். ஜேக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர், லிபியாவின் கடாபி இந்த பிளாஸ்டிக் துப்பாக்கிகளை வாங்கப் பார்க்கிறார், பாதுகாப்புச் சோதனையில் இவை தப்பிவிடும் என்ற பொருளில் எழுத, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. குளோக்கின் எடையில் பெரும்பகுதி எஃகு. ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், தோட்டா எல்லாம் உலோகம். மெஷின் கத்தத்தான் செய்யும். எக்ஸ்ரேயில் உருவமும் தெரியும். கடைசியில் 1988ல் ஒரு சட்டம் வந்தது: எந்தத் துப்பாக்கியிலும் குறைந்தது 3.7 அவுன்ஸ், அதாவது நூறு கிராமுக்குச் சற்று மேல் எஃகுக்கு இணையான உலோகம் இருந்தே ஆகவேண்டும். குளோக்கில் அதைப்போல் பல மடங்கு இருந்ததால் அந்தச் சட்டம் அதைத் தொடக்கூட இல்லை. கிடைத்தது இலவச விளம்பரம். 1990ல் வந்த டை ஹார்ட் இரண்டாம் பாகத்தில், சோதனையில் சிக்காத பீங்கான் துப்பாக்கி ஒன்றைப் பற்றி ஒரு வசனம் வைத்து, அந்தப் பயத்தை உலகமெல்லாம் ஓட்டிவிட்டார்கள். அப்படி ஒரு துப்பாக்கி கிடையவே கிடையாது.

எடைக்கு வருவோம். அமெரிக்க ராணுவம் 1911 முதல் 1985 வரை வைத்திருந்த எஃகு கோல்ட் துப்பாக்கி சுமார் 1,100 கிராம். தோட்டா இல்லாத குளோக் 17 ஏறத்தாழ 630 கிராம். அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லைதான். எங்கள் பெரியப்பா போலீசில் இருந்து ஓய்வுபெற்றவர், எஃகு ரிவால்வர் காலத்து ஆள். அவரிடம் கேட்டேன். "சுடுறதைப் பத்திக் கேக்கிறியேம்மா, நான் சுட்டது பயிற்சியில மட்டும்தான். சுமந்தது அத்தனை வருஷம்" என்றார். கைவிலங்கு, வாக்கி டாக்கி, தடி எல்லாம் ஒரே பெல்ட்டில். துப்பாக்கியை வாங்கும் துறைகள் பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான் என்று நினைக்கிறேன். நம் நாட்டுப் போலீஸ் வைத்திருக்கும் வால்தர் பி99 பாலிமர் ஃபிரேம் கொண்டதுதான். ஜேம்ஸ் பாண்ட் 1997ல் தன் எஃகு பிபிகேயை விட்டு மாறியதும் இதே பி99க்குத்தான். இரண்டின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. புதியதில் இரு மடங்கு தோட்டா.

ஆனால் எடை குறைந்தால் சும்மா விடாது. தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பள்ளியில் படித்த நியூட்டன்தான். அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை பாதியானால் அது பின்னால் வரும் வேகம் இரு மடங்கு, கையில் இறங்கும் சக்தியும் இரு மடங்கு. பாலிமர் லேசாக வளைந்துகொடுத்து உதையை மென்மையாக்கும் என்பார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம், கணக்கை அது புரட்டிப் போடாது. அதனால்தான் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இன்று எஃகு மறுபடி கொடிகட்டிப் பறக்கிறது. செக் நாட்டு சிஇசட் ஷேடோ 2 முழுக்க எஃகு, ஒரு கிலோவுக்கு மேல். போட்டியாளர் அதை நாள் முழுதும் இடுப்பில் கட்டிக்கொண்டு போக்குவரத்தைச் சரிசெய்யப் போவதில்லையே! எஃகு பழுதானால் ஒட்டவைக்கலாம், மெருகேற்றலாம்; பாலிமர் ஃபிரேம் விரிந்தால் புதிதுதான். எனக்குப் பிடித்தது எது என்றால், பார்க்க எஃகு. பெரியப்பாவின் இடுப்புக்குப் பாலிமர்.

இதுவரை சொன்னது ரசனைச் சண்டை. உண்மையான சிக்கல் வேறு இடத்தில். துப்பாக்கியைப் பிரித்துப் போட்டால் எந்தத் துண்டு 'துப்பாக்கி'? அமெரிக்கச் சட்டப்படி பெரும்பாலும் ஃபிரேம்தான். வரிசை எண் பதிவதும் அதில்தான். குளோக்கில்கூட பாலிமருக்குள் ஓர் உலோகத் தகடு வைத்து அதில் எண்ணைப் பொறிக்கிறார்கள். எஃகு ஃபிரேமை வீட்டில் செய்ய ஒரு பட்டறையே வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு தேவையில்லை என்று ஆனதும், முழுமையாகாத ஃபிரேம்களை எண் இல்லாமல் விற்கும் வியாபாரம் அங்கே முளைத்தது. பேய்த் துப்பாக்கி என்று பெயர். இவற்றைக் கட்டுப்படுத்த 2022ல் வந்த விதியை, 2025 மார்ச்சில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இடையில் 2013ல், ஏறத்தாழ முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன முப்பரிமாண அச்சுத் துப்பாக்கியின் வரைபடம் இணையத்தில் ஏறியது. அரசு சொல்லி இறக்குவதற்குள் இரண்டு நாளில் ஒரு லட்சம் முறை பதிவிறக்கம் ஆகிவிட்டது. ஜப்பானில் இப்படி அச்சிட்டு வைத்திருந்த ஒருவர் 2014ல் சிறைக்குப் போனார்.

இங்கே நமக்குக் கணக்கு எளிது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் சட்டமும் உரிமம் இல்லாதவர் கையில் இருப்பது எஃகா பிளாஸ்டிக்கா என்று எடைபோட்டுப் பார்ப்பதில்லை. நிஜம்போல் இருக்கும் போலித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால்கூடக் குற்றம்தான்.