வெயிலைத் தேடி ஒரு வீடு!

காசு கொடுத்து வெயில் வாங்குகிறவர்கள் உண்டா என்று கேட்டால் சிரிப்பீர்கள். உண்டு! நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாட்டுக்காரர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தக் காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஆயுசெல்லாம் சேர்த்த பணத்தைப் போட்டு, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் ஒரு வீடு வாங்கிவிடுகிறார்கள்.

அங்கே அலிகான்டே மாகாணத்தில் அல்ஃபாஸ் டெல் பி என்று ஒரு சிற்றூர். நார்வேக்காரர்கள் அங்கே அத்தனை பேர். அவர்களுக்கென்று பள்ளிக்கூடமும் உண்டு, சர்ச்சும் உண்டு. "ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டால் வயதானவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் உடம்புதான். மூட்டு வலி, ஆஸ்துமா, மனச்சோர்வு!

இடம் மாறினால் நோய் போய்விடுமா? வாருங்கள், பார்ப்போம்.

இருட்டு செய்யும் வேலை

நார்வேயின் வட கோடியில் ட்ரோம்சோ என்று ஒரு நகரம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தெற்கே இருக்கும் தலைநகர் ஓஸ்லோவில்கூட டிசம்பர் கடைசியில் பகல் என்பது சுமார் 6 மணி நேரம்தான். அதே நாளில் அலிகான்டேயில் ஒன்பதரை மணி நேரம் வெளிச்சம் கிடைக்கிறது.

கண் வழியாகப் போகும் வெளிச்சம்தான் மூளையில் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. இருட்டினால் சுரக்கும் மெலடோனின், தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் இந்தக் கணக்கு சிலருக்குக் குழம்பிவிடும். எப்போதும் தூக்கக் கலக்கம், எதிலும் பிடிப்பில்லாத மனசு, இனிப்பு மேலும் மாவுப் பண்டம் மேலும் ஆசை. குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் விலகும் இந்தச் சோர்வை 1984-ல் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் தனி நோயாகவே விவரித்தார்கள். இவர்களுக்கு வெளிச்சமே மருந்து.

மூட்டு வலிக்கு வெயில் கேட்குமா?

கேட்கும், ஓரளவு. நார்வே அரசாங்கமே 1976-ல் ஒரு திட்டம் தொடங்கியது. முடக்குவாதக்காரர்களையும், சோரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படை உள்ளவர்களையும் சில வாரங்கள் வெயில் நாட்டுக்கு அனுப்பிச் சிகிச்சை கொடுக்கும் திட்டம் அது. முடக்குவாதக்காரர்களில் ஒரு பிரிவுக்கு நார்வேயிலும், இன்னொரு பிரிவுக்கு மத்திய தரைக்கடல் பகுதியிலும் 4 வாரம் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பிரிவுக்குமே குணம் தெரிந்தது. வெயில் பக்கம் போனவர்களுக்கு அந்தக் குணம் கூடுதல் நாள் நின்றது.

காரணம் புரியாத மர்மம் எதுவும் இல்லை. வெதுவெதுப்பில் தசை இளகுகிறது. பனிக்கட்டியில் வழுக்கி விழும் பயம் இல்லாததால் தினமும் நடக்கிறார்கள். நாலு பேரோடு வெளியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெயில் என்பது உடம்பு முழுவதற்கும் கொடுக்கும் ஒத்தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், ஒத்தடம் வலியைத் தணிக்குமே தவிர நோயின் வேரைத் தொடாது. முடக்குவாதத்தில் மூட்டு அரித்துக்கொண்டே போவதை வெயில் நிறுத்தாது. "இங்கே வந்ததும் வலியே இல்லை" என்று மருந்தை நிறுத்தினால் விரல்கள் கோணிப் போகும். அப்புறம் எந்த ஊர் வெயிலாலும் அதை நிமிர்த்த முடியாது.

வைட்டமின் டி-க்காக வீடு வாங்க வேண்டுமா? அவசியமே இல்லை. குளிர்காலத்தில் நார்வே வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாகாது என்பது உண்மைதான். அதற்குத்தான் அந்த ஊர்த் தாய்மார்கள் காலம் காலமாகப் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி காட் மீன் எண்ணெய் கொடுக்கிறார்கள். ஓஸ்லோ பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். கருத்த தோலுக்கு அதிக வெயில் வேண்டும். அது கிடைக்காத ஊரில் மருத்துவரிடம் கேட்டு வைட்டமின் டி எடுத்துக்கொள்வதே வழி.

வெளியே வெயில், உள்ளே குளிர்!

வீடு வாங்குகிறவர்கள் பலர் ஏமாறுகிற இடம் இது. ஸ்பெயின் கடற்கரை வீடுகள் உஷ்ணத்தைத் தாங்குவதற்காகக் கட்டியவை. தரை முழுக்க ஓடு பதித்திருக்கும். பழைய வீடுகள் பலவற்றில் வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி கிடையாது. ஜனவரி இரவில் வெளியே 6, 7 டிகிரி வரை இறங்கும். நார்வேயில் வெளியே உறைபனி கொட்டினாலும் வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும். இங்கே வீட்டுக்குள்ளேயே கம்பளி போட்டு உட்கார வேண்டியதுதான்! வடக்குப் பார்த்த வீடானால் குளிர்காலம் முழுவதும் வெயிலே உள்ளே வராது. சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பூக்கும். ஆஸ்துமாவுக்காக வந்தவருக்கு ஆஸ்துமா கூடும்.

குளிருக்குப் பயந்து சிலர் கதவை இறுக்கிச் சாத்தி கேஸ் அடுப்பு போன்ற ஹீட்டரைப் பற்றவைத்துத் தூங்குவார்கள். கூடவே கூடாது! மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கோடைக்கு இன்னொரு கணக்கு. ஆகஸ்டில் 30 டிகிரிக்கு மேல். இரவிலும் புழுக்கம். வயதானால் தாகம் தெரிவது குறையும். நீர் பிரியும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கோடைக்கு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊர் வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் எங்கே போவார்கள்? வெளுத்த தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் பயமும் உண்டு. மெலனோமா என்ற கொடிய வகை உலகில் அதிகம் காணப்படும் நாடுகளில் நார்வேயும் ஒன்று.

படுத்தால் யார் பார்ப்பார்கள்?

60 வயதில் வீடு வாங்கும்போது யாரும் 80 வயதை நினைப்பதில்லை. ஐரோப்பிய ஒப்பந்தப்படி, ஓய்வூதியக்காரர் எஸ்-1 என்ற படிவத்தைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால் ஸ்பெயின் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். சரி, சிகிச்சை கிடைக்கும். வீட்டில் வந்து குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொள்ள ஆள்? சொந்த ஊரில் நகராட்சி செய்யும் அந்த உதவி இங்கே அதே அளவுக்குக் கிடைக்காது. ஸ்பெயினில் பெரும்பாலும் குடும்பத்தார்தான் கூட இருந்து பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மறதி நோய் வந்தால் பெரிய வயதில் கற்ற மொழிதான் முதலில் நழுவும். கடைசியில் நிற்பது தாய்மொழி. எங்கே வலிக்கிறது என்று நர்சிடம் சொல்லக்கூட அவர்களால் முடியாமல் போகும். தம்பதியில் ஒருவர் போய்விட்டால், மலைச்சரிவு வீட்டில், கார் ஓட்டத் தெரியாத மற்றவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

* முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு ஜனவரியும் ஒரு ஆகஸ்டும் கட்டாயம்.

* ஜனவரியில் பகல் வெயில் எந்த அறைக்குள் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். தெற்குப் பார்த்த வீடு நல்லது.

* படி ஏறாமல் வீட்டுக்குள் போக முடிய வேண்டும். கடைக்கும் வைத்தியரிடமும் நடந்தே போக முடிய வேண்டும்.

* சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் அளவையும் அந்த ஊர் மொழியில் எழுதி வைத்திருங்கள்.

* ஒரு வருஷமாவது ஆகும் வரை சொந்த ஊர் வீட்டை விற்காதீர்கள்.

நிலத்துக்கு நிலம் நோய் மாறும் என்று ஐந்திணையாகப் பிரித்துச் சொன்னது நம் சித்த மருத்துவம். ஆகவே, இடம் மாறினால் உடம்புக்குப் பலன் இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பலன் வெயிலால் மட்டும் வருவதில்லை. தினசரி நடை, வேளைக்கு மருந்து, பேச்சுத்துணை, முடியாதபோது தாங்க ஒரு கை, இவையும் சேர்ந்தால்தான் வரும். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த நாலும் அந்த ஊரில் உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் குளிர்காலத்தில் இரண்டு மாதம் வாடகைக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டு வாருங்கள். உடம்புக்கு அதுவே போதும்!