மூச்சுக்காக மேலே வரும் விரால்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ளவை வானம் பார்த்த ஏரிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் தண்ணீர் கோடையில் முழங்கால் ஆழத்துக்கு வற்றும். சில ஏரிகளில் சேறுதான் மிஞ்சும். தமிழகத்தின் இத்தகைய நீர்நிலைகளில் விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை தாக்குப்பிடிக்கின்றன. வெளிக்காற்றையும் சுவாசிக்கத் தெரிந்த மீன்கள் இவை.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5. அதையும் பாசியும் அழுகும் தழையும் இரவெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால், விடியற்காலையில் செவுளை மட்டுமே நம்பும் மீன்கள் திணறும். விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றறை இருக்கிறது. பனையேறிக் கெண்டைக்கு அதே இடத்தில் ரத்த நாளங்கள் படர்ந்த மடிப்புத் தகடுகள். தேளிக்கோ வால் பக்கம் வரை நீளும் இரண்டு காற்றுப் பைகள். அயிரை காற்றை விழுங்கிக் குடலால் உறிஞ்சுகிறது.

விரால் குஞ்சு பொரித்த புதிதில் நீரிலேயே சுவாசிக்கும். வளர்ந்தபின் மேலே வந்தே ஆக வேண்டும். தடுத்தால் நல்ல நீரிலும் மூச்சடைத்துச் சாகும். அப்படி வந்துபோவதற்கு அது கொடுக்கும் விலை என்ன? 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் இதை அளந்தார்கள். வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் விராலை வளர்த்து, எத்தனை முறை மேலே வருகிறது, எவ்வளவு தூரம் நீந்துகிறது, தின்ற இரையில் எவ்வளவு சதையாகிறது என்று கணக்கிட்டார்கள். ஆழம் கூடக்கூட நீச்சல் தூரம் கூடியது. இரையின் ஆற்றல் அதில் செலவாகி வளர்ச்சி குறைந்தது. உலக அறிவியல் இதழ்களில் வெளியான இந்த ஆய்வு, மீன் வளர்க்கும் ஒவ்வொரு ஊரிலும் தெரிந்திருக்க வேண்டியது. ஆழமற்ற ஏரியை மீனுக்கு ஆகாத இடம் என்று ஒதுக்குவது விரால் விஷயத்தில் தவறு.

மேலும், விரால் கூடு கட்டுவது கரையோரச் செடிகளுக்கிடையே, ஆழம் குறைந்த நீரில். தாய் தந்தை மீன்கள் அங்கேதான் குஞ்சுகளைக் காக்கின்றன.

அதனால் தூர்வாரும்போது ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டாமல், ஒரு பக்கக் கரையையாவது கோரையோடும் சரிவோடும் விட்டுவைக்க வேண்டும். இன்னொன்று: 2000ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் காற்றைச் சுவாசிக்கும், கண்டதையும் தின்னும். அதை எந்த ஏரியிலும் விடக் கூடாது.