நாலு சிப்ஸோட ஏன் நிறுத்த முடியலை?

ராத்திரி பதினோரு மணிக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறோம். நாலே நாலு எடுத்துட்டு மூடி வெச்சிடலாம்னுதான் நினைப்பு. கொஞ்ச நேரத்துல பார்த்தா, விரல் பாக்கெட்டோட அடியில மசாலாத் தூளைத் தேடிக்கிட்டு இருக்கும். "எனக்கு வாயைக் கட்டவே தெரியல"ன்னு நம்மளையே திட்டிக்குவோம். அந்தத் திட்டு முழுக்க நமக்குச் சேர வேண்டியது இல்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்த ஒரு ஆய்வு 2019-ல் வெளியாச்சு. 20 பேரை நாலு வாரம் ஆய்வு மையத்துலயே தங்க வெச்சாங்க. ரெண்டு வாரம் ஃபேக்டரியில் பதப்படுத்தின உணவு. ரெண்டு வாரம் காய், பழம், மீன், முட்டைன்னு சாதாரணமா சமைச்ச உணவு. பரிமாறினதுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாமே ஏறக்குறைய சமம். எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம், வேணாம்னா மிச்சம் வைக்கலாம்.

ஃபேக்டரி உணவு சாப்பிட்டப்போ ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலா உள்ளே போச்சு. எடை ஏறக்குறைய 0.9 கிலோ ஏறிச்சு. இன்னொரு உணவுல அதே அளவு இறங்கிச்சு.

இதுல என்னை யோசிக்க வெச்சது வேற. ருசிக்கு மார்க் போடச் சொன்னா, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! அப்போ "ருசியா இருக்கு, அதான் சாப்பிடறோம்"ங்கிற பதில் பத்தாது.

வித்தியாசம் தெரிஞ்ச ஒரு இடம், வேகம். ஃபேக்டரி உணவை வேகமா சாப்பிட்டாங்க. மெல்ல அதிகம் வேலை இல்லை. குடல்லேர்ந்து "போதும்"னு மூளைக்குச் சேதி போக நேரம் ஆகும். அதுக்குள்ள தட்டு காலி. வேகம் மட்டும்தான் காரணம்னு ஆய்வு நிரூபிக்கலை, ஆனா வலுவான சந்தேகம் அதுமேல இருக்கு.

பீச்ல வேகவெச்ச கடலை வாங்கினா, ஒவ்வொண்ணா உடைச்சு, தோலைப் போட்டு, மென்னு சாப்பிடணும். சீஸ் பஃப்ஸ் நாக்குல வெச்சதும் கரைஞ்சிடும். உணவு விஞ்ஞானி ஸ்டீவன் விதர்லி இதைத்தான் சொல்றார்: வாயில சட்டுன்னு கரையறதை, அதுல கலோரியே இல்லைன்னு மூளை எடுத்துக்குதாம்.

சரி, விட்டுட வேண்டியதுதானேன்னு கேட்கலாம். அதே ஆய்வுல செலவையும் கணக்குப் போட்டாங்க. ஒரு நாளைக்கு 2,000 கலோரின்னு வெச்சா, ஒரு வாரத்துக்கு ஃபேக்டரி உணவுக்கு 106 டாலர், சமைச்ச உணவோட பொருள்களுக்கு 151 டாலர். சமைக்கிறவங்க நேரம் இதுல சேரலை.